அடிக்கு மறுமொழி: களரி மாணவர்களிடம் போர்க்குணத்தை வளர்க்கும் வழிகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களின் களரிகளில், அதாவது தற்காப்புக்கலைப் பயிற்சிக்கூடங்களில், தனியாகச் செய்யும் அடவு வரிசையான ஒற்றைச்சுவடு பிசகாமல் எடுக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. காலும் கையும் கண்ணும் ஒன்றாய்ச் சேர்ந்து போவதைப் பார்க்கும்போது ஆசானுக்கும் பெற்றோருக்கும் மனம் நிறைந்துவிடுகிறது. அதே பிள்ளைக்கு எதிரே ஒருவனை நிறுத்தி, அவன் எப்படி வேண்டுமானாலும் அடிக்க வருவான், சமாளித்துக்கொள் என்று சொன்னால், ஆண்டுக்கணக்கில் கற்ற சுவடுகளில் பாதி அந்த நொடியே மறந்துபோகிறது. தோள் காதுவரை ஏறிக்கொள்கிறது, முகம் ஒருபக்கம் திரும்பிவிடுகிறது, கால் நேர்பின்னாக ஓடத் தொடங்குகிறது. வித்தை குறைவதனால் இப்படி நேர்வதில்லை. வித்தையைத் தாங்கி நிற்க வேண்டிய போர்க்குணத்தை நாம் தனியாகப் பயிற்றுவிக்காததனால் நேர்கிறது. அது பிறவியிலேயே சிலருக்கு வாய்ப்பது, மற்றவர்களுக்கு வராது என்ற எண்ணம் நம் ஆசான்மாரிடையே இன்றும் உண்டு. அந்த எண்ணத்தை நான் ஏற்பதில்லை. நம் பகுதியின் சண்டைக்கலையான அடிமுறை, சிலம்பம், கராத்தே என்று எதைக் கற்பிப்பவராக இருந்தாலும், சுவட்டைப் பயிற்றுவிக்கும் அதே பொறுமையோடு இதையும் பயிற்றுவிக்க முடியும்.

போர்க்குணம் என்று நான் சொல்வது கோபத்தையோ முரட்டுத்தனத்தையோ அல்ல. ஓர் அடி வருகிறது. வரும்போதே உடல் அதற்கு ஒரு மறுமொழியைத் தேடுகிறது. அடி பட்டுவிட்டாலும் தேடுகிறது, மூச்சு வாங்கும்போதும் தேடுகிறது, தோற்றுக்கொண்டிருப்பது தெரிந்த பிறகும் தேடுகிறது. அந்தத் தேடல் அறுந்துபோகாமல் இருப்பதைத்தான் போர்க்குணம் என்கிறேன். பயம் இருக்கிறதா இல்லையா என்பதை இங்கே கணக்கில் எடுக்க வேண்டியதில்லை, ஏனென்றால் பயமே இல்லாத மாணவன் களரிக்கு வருவது அரிது. பயம் இருக்கும்போதே கால் நகர்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பிரம்பைக் கீழே வையுங்கள்

நம் பக்கத்துப் பழைய களரிகளில் ஆசானின் கையில் ஒரு பிரம்பு இருக்கும். சுவடு பிழைத்தால் கணுக்காலில் ஒன்று விழும். 'அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்று கேட்டு வளர்ந்த தலைமுறை, அந்தப் பிரம்படிதான் பிள்ளைகளுக்கு நெஞ்சுறுதியைத் தந்தது என்று நம்புகிறது. ஆனால் அந்த அடியின் தன்மையைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஆசானின் பிரம்பை மாணவன் தடுக்கக் கூடாது, விலகக் கூடாது, திருப்பிக் கொடுப்பதை நினைத்தே பார்க்கக் கூடாது. ஆகவே அடி வரும்போது உடலை இறுக்கிக்கொண்டு அசையாமல் வாங்கிக்கொள்வதை அவன் உடல் நன்றாகப் பழகிக்கொள்கிறது. நாளைக்கு எதிராளி கை ஓங்கும்போதும் அந்த உடல் பழகியதையே செய்யும். பிரம்படி ஒழுங்கைக் கற்பிக்கலாம், பணிவைக் கற்பிக்கலாம். எதிர்த்து நிற்பதை அது ஒருபோதும் கற்பிக்காது.

எனவே களரியில் ஒரே ஒரு விதியை நிலைநாட்டினால் மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வரும்: மாணவன்மேல் விழும் ஒவ்வோர் அடிக்கும், அவனுடைய இன்றைய திறமைக்குள் அடங்கிய ஒரு மறுமொழி இருக்க வேண்டும். மறுமொழி இல்லாத அடியை மூத்த மாணவனும் கொடுக்கக் கூடாது, ஆசானும் கொடுக்கக் கூடாது. அருமனையிலும் குலசேகரத்திலும் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்த அளவு என்பது என்னவென்று சொல்லத் தேவையில்லை. கத்தி மேலோட்டமாகப் போனால் பால் வராது, ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரம் புண்பட்டு அந்தப் பட்டை பிறகு உதவாது. மாணவனுக்குக் கொடுக்கும் நெருக்கடியும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்க வேண்டும். அந்த நடு எங்கே இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கு மாதத்துக்கு மாதம் மாறும்.

கண்ணும் மூச்சும்

ஆபத்து என்று மனம் உணர்ந்தவுடன் உடலில் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கத் தொடங்குகிறது. பார்வை ஓர் இடத்திலேயே குவிந்து சுற்றிலும் நடப்பது தெரியாமல் போகிறது. விரல்களின் நுட்பமான வேலை தடுமாறுகிறது. மூச்சு நெஞ்சின் மேற்பகுதியில் நின்றுவிடுகிறது. இவற்றை மாணவனுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். தனக்கு மட்டுமே கை நடுங்குகிறது என்று நினைக்கும் பிள்ளை வெட்கத்திலேயே பாதி தோற்றுவிடுகிறது. எல்லோருக்கும் நடுங்கும், உடல் தயாராவதன் அடையாளம் அது என்று தெரிந்த பிள்ளை நடுக்கத்தோடேயே வேலையைத் தொடர்கிறது.

தொடக்கப் பயிற்சிக்கு ஒரு துவர்த்து (துண்டு) போதும். அதை நீளவாட்டில் சுருட்டி நுனியில் ஒரு தளர்ந்த முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு பேர் கைக்கெட்டும் தூரத்தில் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவன் துவர்த்தின் நுனியால் மற்றவனின் தோளிலோ மார்பிலோ தொடையிலோ மெதுவாகத் தட்டுகிறான். வாங்குகிறவன் எதிராளியின் கையையோ துவர்த்தையோ பார்க்காமல், அவனுடைய கழுத்துக்குழிக்குக் கீழே நெஞ்சின் மேற்பகுதியில் பார்வையை வைத்திருக்க வேண்டும். தட்டு படும் அதே கணத்தில் வாயால் மூச்சைச் சுருக்கென்று வெளிவிட வேண்டும். உடனே கையை நீட்டி அடித்தவனின் மணிக்கட்டைத் தொட வேண்டும். அந்தத் தொடுகைதான் இந்தக் கட்டத்தின் மறுமொழி. அது சிறியதாக இருக்கலாம், ஆனால் ஒரு தட்டுக்கும் விடுபடக் கூடாது. கண் சிமிட்டுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது அனிச்சைச் செயல், முழுவதும் அடக்க முடியாது. சிமிட்டிய கண் உடனே திறக்கிறதா, முகம் முன்னோக்கியே இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். இரண்டு நிமிடம் ஒருவன், இரண்டு நிமிடம் மற்றவன் என்று மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் வகுப்பின் தொடக்கத்திலேயே இதைச் செய்யலாம். பிள்ளைகள் இதில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சிரித்துக்கொண்டே அடிக்குள் நிற்கப் பழகிய உடல் பிறகு எளிதில் உறைந்துபோவதில்லை.

பின்வாங்கும் காலைத் திருத்துதல்

நேர்பின்னாக ஓடுகிறவனை முன்னோக்கி வருகிறவன் எப்போதும் எட்டிப் பிடித்துவிடுவான். முன்னோக்கி ஓடுவதற்கென்று அமைந்த உடலோடு பின்னோக்கி ஓடிப் போட்டியிட முடியாது. நம் தென்பகுதிக் களரி மரபான தென்களரியின் முக்கோணச் சுவடு இதற்குப் பதிலாக அமைந்ததுதான்: அடி வரும் கோட்டைவிட்டுச் சாய்வாக விலகி, விலகிய இடத்திலிருந்தே மறுபடி உள்ளே வருவது. மாணவன் அதைத் தனியாக அழகாகச் செய்வான். நெருக்கடியில் மட்டும் கைவிட்டுவிடுவான். தரையில் கோலப்பொடியால் ஒரு கோடு போட்டு, அவனை அதிலிருந்து ஒரு எட்டு முன்னே நிறுத்தி, எதிராளியை மெதுவாக முன்னேறச் சொல்லுங்கள். பின்னால் ஒரு எட்டு வைக்க அவனுக்கு உரிமை உண்டு; கோட்டை மிதித்தால் அந்தச் சுற்று முடிந்தது. ஒரு எட்டுக்குப் பிறகு பக்கவாட்டில் போவதைத் தவிர வேறு வழியில்லை என்றாகும்போது, சொல்லிக்கொடுக்காமலே சுவடு திரும்பி வந்துவிடுகிறது. 'பின்னாலே போகாதே' என்று நூறு தடவை கத்துவதைவிட இந்தக் கோடு பயன் தரும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

பெரும்பாலான களரிகளில் இரண்டு நிலைகளே இருக்கின்றன. ஒன்று, எந்த அடி எப்போது வரும் என்று இருவருக்கும் தெரிந்த கூட்டுச்சுவடு. மற்றொன்று, எதுவும் தெரியாத நேரடி மோதல். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு மாணவனை ஒரே தாவலில் தள்ளிவிடுகிறோம். தட்டுத்தடுமாறிப் பிழைத்துக்கொண்ட சிலரைப் பார்த்து அவர்களுக்குத்தான் போர்க்குணம் உண்டு என்று முடிவுகட்டிவிடுகிறோம். விழுந்தவர்களில் பலர் பள்ளிப் பரீட்சையைச் சாக்காகச் சொல்லிக் களரியை விட்டு நின்றுவிடுகிறார்கள். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே படிகளைக் கட்டுவதுதான் ஆசானின் முக்கியமான வேலை.

நெஞ்சை நோக்கி வரும் நேர்குத்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதற்படியில் குத்தும் தெரியும், நேரமும் தெரியும். ஆசான் சொன்னவுடன் வருகிறது, மாணவன் சாய்ந்து விலகித் தட்டிவிட்டு மறுகுத்துக் கொடுக்கிறான். இரண்டாம் படியில் குத்து அதுவே, ஆனால் எப்போது வரும் என்று தெரியாது. அடிக்கிறவன் பத்து நொடிவரை காத்திருக்கலாம், நடுவில் தோளை மட்டும் அசைத்து ஏமாற்றலாம். இந்தப் படியை அவசரப்பட்டுக் கடக்கக் கூடாது. அந்தக் காத்திருப்பில்தான் மாணவனைப் பற்றிய எல்லாம் தெரியவரும். கால்விரல்கள் மண்ணைக் கவ்விப் பிடிக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். பிடித்தால் எடை முழுவதும் முன்னே சாய்ந்துவிட்டது, அவனால் எந்தப் பக்கமும் நகர முடியாது. கட்டைவிரல் முட்டிக்குள் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஆறேழு நொடி கழிந்தபின் அடிவயிறு அசைகிறதா, மூச்சு நின்றுவிட்டதா என்று பாருங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பவனிடம் 'மக்களே, மூச்சு விடு' என்று தணிந்த குரலில் சொன்னால் போதும், தோள் தானே இறங்கும். அடி வந்து விழும் வலியைவிட அது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்புத்தான் மனத்தை அதிகம் அலைக்கழிக்கிறது. அந்த எதிர்பார்ப்புக்குள் மூச்சுவிடப் பழகுவதே இந்தப் படியின் பயன்.

மூன்றாம் படியில் குத்து வரலாம், அல்லது தொடைக்கு உதை வரலாம். நான்காம் படியில் முதல் அடியைத் தடுத்தவுடன் அறிவிக்காத இரண்டாவது அடி ஒன்று தொடரும். முதல் தடுப்போடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துத் தளர்ந்துவிடும் வழக்கம் இங்கேதான் முறியும். அதற்குப் பிறகே இருவரும் விருப்பப்படி அடிக்கும் மோதல். அதிலும் தொடக்கத்தில் தோள், மார்பு, தொடை ஆகிய இலக்குகள் மட்டும், பாதி வேகம் மட்டும்.

எப்போது படி ஏற்றுவது என்பதற்கு நான் ஓர் எளிய அளவு வைத்திருக்கிறேன். 10 தடவையில் 8 தடவை சமாளித்துவிட்டால் அந்தப் படி அவனுக்கு எளிதாகிவிட்டது, மேலே ஏற்றலாம். 5-க்கும் கீழே போனால் படி அவனை அமுக்குகிறது. எவ்விதத் தயக்கமும் இல்லாமல் கீழே இறக்க வேண்டும். இறக்குவதைத் தண்டனையாக அறிவிக்காமல், எதிராளியை மட்டும் மாற்றியோ வேகத்தைக் குறைத்தோ இறக்கினால் பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது.

கம்பிலும் இதே வரிசையைக் கடைப்பிடிக்கலாம். நுனியில் துணிப்பந்து கட்டி அதில் கரித்தூளைத் தடவிவிட்டால், சட்டையில் விழுந்த கறை எங்கே தொடப்பட்டோம் என்பதை வாதத்துக்கு இடமில்லாமல் காட்டிவிடும்.

வர்மம் தெரிந்தால் போதும் என்ற மயக்கம்

1882-இல் டோக்கியோவில் கோடோகானை நிறுவிய ஜிகோரோ கானோ, பழைய ஜுஜுட்சுவிலிருந்து ஜூடோவை வடித்தெடுத்தபோது ஒரு துணிச்சலான தேர்வைச் செய்தார். உயிருக்கும் உறுப்புக்கும் ஆபத்தான முறைகளை அவர் முன்வகுத்த வடிவப் பயிற்சிக்கு ஒதுக்கிவைத்தார். முழு வலுவோடு எதிர்க்கும் ஆளிடம் பாதுகாப்பாகச் செய்துபார்க்கக்கூடிய எறிதல்களையும் பிடிகளையும் கொண்டு, ராண்டோரி எனப்படும் கட்டற்ற பயிற்சியைத் தம் கல்வியின் நடுவில் வைத்தார். முழு எதிர்ப்புக்கு எதிராகத் தினமும் பழகிய எளிய வித்தை, பாவனையாக மட்டுமே பழகிய கொடிய வித்தையைவிடக் கைகொடுக்கும் என்பதை அந்த மாணவர்கள் நிரூபித்தார்கள்.

இது நம் மரபோடு நேராகப் பேசும் செய்தி. அடிபட்டால் ஆளைச் செயலிழக்கச் செய்யும் என்று மரபு சொல்லும் உடலின் உயிர்நிலைகளே வர்மங்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 வர்மங்களைக் கணக்கிடும் நம் ஆசான் மரபில், அவற்றை முழு வேகத்தில் ஒருவர்மேல் ஒருவர் பழகிப் பார்ப்பது இயலாத காரியம், செய்யவும் கூடாது. ஆனால் 'ஒரு வர்மம் தட்டினால் ஆள் விழுந்துவிடுவான்' என்ற நம்பிக்கையோடு மட்டும் வளரும் இளைஞன், ஆள் விழாதபோது செய்வதறியாமல் நின்றுவிடுகிறான். மாணவனை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவைத்த பிறகே வர்மத்தைத் திறந்துவிடும் பழைய முறையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அந்தக் காத்திருப்பு ஆண்டுகளைச் சுவட்டால் மட்டும் நிரப்பிவிடாமல், முழு எதிர்ப்புள்ள மோதலாலும் நிரப்ப வேண்டும் என்பதே என் வேண்டுகோள். வர்மத்தைத் திறக்கும்போது, வர்ம அடிபட்டவனை மீட்கும் அடங்கலையும், தடவிச் சிகிச்சை செய்யும் தடவுமுறையையும் உடன் கற்பிப்பதும் இதே காரணத்துக்காக அவசியமாகிறது. நம் ஆசான்மார் வைத்தியராகவும் இருந்தார்கள். ஒருவனுக்கு வலியை உண்டாக்கும் கை அதை எடுக்கவும் அறிந்திருக்கும்போது, அந்தக் கைக்கு அளவு தெரிகிறது.

களைப்புக்குள் நிற்பது

புதிதாக நிற்கும்போது எல்லோரும் வீரர்தாம். ஆகவே மாதத்துக்கு இரண்டு தடவையாவது, தகுதியான மாணவனை நடுவில் நிறுத்தி, ஐந்து பேரைச் சுற்றிலும் நிறுத்தி, 30 நொடிக்கு ஒருவராக மாறி மாறி உள்ளே அனுப்ப வேண்டும். வருகிறவர்கள் பாதி வலுவுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. நடுவில் நிற்பவன் வெல்ல வேண்டியதில்லை. ஒவ்வோர் அடிக்கும் ஏதாவது ஒரு மறுமொழி கொடுத்துக்கொண்டே இருந்தால் போதும், கடைசி ஆளிடம் அது வெறும் விலகலாக இருந்தாலும் பரவாயில்லை. முழங்கால் மடங்கினாலோ, கை தாழ்ந்து மறுபடி ஏறாமல் போனாலோ, கண் ஓரிடத்தில் நிலைகுத்தினாலோ ஆசான் உடனே நிறுத்திவிட வேண்டும். அந்த எல்லையைத் தாண்டி விழும் அடிகளுக்கு அவனிடம் மறுமொழி இல்லை. முதலில் சொன்ன விதி இங்கேயும் பொருந்தும். பங்குனி, சித்திரை மாதங்களின் புழுக்கத்தில் இதை விடியற்காலையில் வைத்துக்கொண்டு, உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரை அருகில் வைத்திருப்பது நல்லது.

அடிக்கத் தயங்கும் பிள்ளையும் அடிக்கத் துடிக்கும் பிள்ளையும்

போர்க்குணம் இல்லை என்று நாம் ஒதுக்கும் பிள்ளைகளில் ஒரு பெரும்பகுதியினருக்கு அடிபடுவதில் பயமே இல்லை. அவர்கள் அஞ்சுவது பிறரை அடிப்பதற்கு. எதிராளிக்கு வலித்துவிடுமே என்று கை கடைசி நொடியில் இழுத்துக்கொள்ளும். தவறுதலாகப் பட்டுவிட்டால் மோதலை நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேட்பார்கள். இந்த இரக்கத்தைக் குறையாக நினைத்துத் திட்டுவதோ கேலி செய்வதோ பெரும் அநியாயம். வாங்குகிறவன் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வாயால் சொல்லிக்கொண்டே இருந்தால் இந்தப் பிள்ளைகள் மிக வேகமாக மாறிவிடுகிறார்கள். மார்புக்காப்பு அணிந்த மூத்த மாணவன் ஒருவனை முன்னே நிறுத்தி, ஒவ்வொரு குத்துக்கும் 'இன்னும் பலமா' என்று அவனைக் கேட்கச் சொல்லுங்கள். அடிப்பதற்கான அனுமதி ஆசானிடமிருந்து வருவதைவிட அடிவாங்குகிறவனிடமிருந்து வரும்போது அந்தக் கை மனம் உவந்து திறக்கிறது. சில வாரங்களில் அதே பிள்ளை, எதிராளி நன்றாகப் பழக வேண்டுமென்றால் தான் உண்மையாக அடித்தாக வேண்டும் என்று புரிந்துகொள்ளும். மெய்யான அடி கொடுப்பது கூட்டாளிக்குச் செய்யும் உதவி என்று எண்ணும் மாணவனே நீண்டகாலம் நிலைக்கிறான்.

பெண்பிள்ளைகளிடம் இந்தத் தயக்கம் பெரும்பாலும் வீட்டிலிருந்து வருகிறது. சத்தம் போடாதே, அடங்கி இரு என்று கேட்டே வளர்ந்தவர்களை முதலில் வாய்விட்டுச் சத்தம் போட வைக்க வேண்டும். ஒவ்வொரு அடியோடும் வயிற்றிலிருந்து குரல் வர வேண்டும் என்று வற்புறுத்த வேண்டும். அவர்களுக்கென்று மெத்தென்ற மோதலைத் தனியே வைப்பது மரியாதை ஆகாது. எடையும் உயரமும் அனுபவமும் பார்த்து இணை சேருங்கள். ஆணா பெண்ணா என்பதைச் சிறுவயதில் பொருட்படுத்த வேண்டியதில்லை. பெற்றோர் தயங்கினால் அவர்களை ஒருநாள் வகுப்பில் உட்காரவைத்து, படிகள் எப்படி ஏறுகின்றன என்பதைக் கண்ணால் பார்க்கவிடுங்கள்.

கோபத்தோடு பாய்கிறவனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாயும்போது அவன் கை தாழ்ந்துவிடுகிறது, முகவாய் முன்னே நீண்டுவிடுகிறது. நிதானமான ஒரு மூத்த மாணவனிடம் அவனை விட்டால், அந்தத் திறப்பில் மெல்லத் தொட்டுத் தொட்டே அவனுக்கு அதைப் புரியவைத்துவிடுவான். கோபம் தணியாத நாளில் அவனை மோதலிலிருந்து விலக்கி, தரையைத் தொட்டு வணங்கிவிட்டு மறுபடி வரச் சொல்லுங்கள். மோதலுக்கு முன்னும் பின்னும் செய்யும் களரி வணக்கத்தை வெறும் சடங்காக விட்டுவிடாமல், அந்த நொடியிலிருந்து போர், அந்த நொடியோடு போர் முடிந்தது என்ற எல்லையாகப் பிள்ளைகளுக்குப் பழக்கினால், கோபக்காரனுக்குத்தான் அதன் பயன் அதிகம்.

விட்டுக்கொடுக்கக் கூடாத பாதுகாப்பு

பல்காப்பும் இடுப்புக்காப்பும் மார்புக்காப்பும் இல்லாமல் முழுவேக மோதல் வேண்டாம். சிறுபிள்ளைகளுக்குத் தலையில் அடி என்பதே வேண்டாம். நெற்றிப்பொட்டு, தொண்டை, கழுத்தின் பக்கம், பிடரி ஆகிய இடங்கள் எந்த வயதிலும் மோதலுக்குரிய இலக்குகள் அல்ல. தற்செயலாகத் தலையில் அடிபட்ட மாணவனுக்குத் தலைவலி, வாந்தி, குழப்பம், தள்ளாட்டம், வெளிச்சம் கூசுதல் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றைய பயிற்சி அவனுக்கு முடிந்தது. அவன் எவ்வளவு கெஞ்சினாலும் உள்ளே விடாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், அவர் சொன்ன பிறகே மறுபடி சேர்க்க வேண்டும். இதில் எண்ணெயும் தடவலும் மருத்துவருக்கு மாற்று ஆகா என்பதை ஆசான்மார் மனத்தில் கொள்ள வேண்டும். காயத்தை மறைத்துக்கொண்டு நிற்பதை வீரம் என்று ஒருமுறை பாராட்டிவிட்டால், அடுத்த தடவை எல்லாப் பிள்ளைகளும் மறைப்பார்கள்.

எல்லைக்கு அப்பால் ஒரு களரி

தம் களரிக்குள்ளேயே மோதிக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு ஒருவரையொருவர் அத்துபடியாகிவிடும். யார் முதலில் வலதுகாலைத் தூக்குவான், யார் ஏமாற்றுக் காட்டுவான் என்பதெல்லாம் தெரிந்தபிறகு அங்கே தெரியாதது என்று எதுவும் மிச்சமிருப்பதில்லை. நம் பகுதிக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. 1956 நவம்பர் 1-இல் இந்த வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து, களியக்காவிளைக்கு அப்பால் கேரளம் என்று கோடு விழுந்தாலும், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தென்களரிகளும் நம் களரிகளும் ஒரே மரபில் வந்தவை. சுவடும் அடவும் பழக்கமானவையாக இருக்க, மண் வேறு, முகங்கள் வேறு, மலையாளத்தில் வாய்த்தாரி, அதாவது பயிற்சிக்கான வாய்மொழிக் கட்டளை, சொல்லும் குரல் வேறு என்ற சூழல், தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே மாணவனைச் சரியாக நிறுத்துகிறது.

முதல் தடவை போகும்போது சுவடு மட்டும் சேர்ந்து எடுத்துவிட்டுத் திரும்பலாம். அடுத்த தடவை பாதி வேக மோதல் வைக்கலாம். எந்த இலக்குகள், எவ்வளவு வலு, எத்தனை நிமிடம், நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பவற்றை அங்குள்ள ஆசானோடு பிள்ளைகளின் முன்னிலையிலேயே பேசி முடித்துவிட வேண்டும். ஊர்ப்பெருமை உள்ளே நுழைந்துவிட்டால் இந்தப் பயிற்சியின் பயன் அங்கேயே போயிற்று.

போட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதிலிருந்து, சான்றிதழுக்காகவும் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கும் பெற்றோர் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் தொட்டவுடன் நடுவர் நிறுத்திப் புள்ளி கொடுக்கும் ஆட்டத்தில் பழகிய மாணவன், தொட்டவுடன் தளர்ந்துவிடுவான். தொடப்பட்டவனும் தோற்றுவிட்டதாக எண்ணி நின்றுவிடுவான். ஆகவே போட்டிக்குத் தயார்செய்யும் மாதங்களிலும், தொட்டபிறகும் நிற்காமல் தொடரும் மோதலை வாரத்தில் ஒருநாளாவது களரியில் வைத்திருங்கள்.

தோற்று வரும் பிள்ளையிடம் அன்றைக்கே எதையும் விளக்கப் போக வேண்டாம். பெற்றோரையும் வீட்டில் அதைப் பற்றிக் கிளறாமல் இருக்கச் சொல்லிவையுங்கள். குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழட்டும். மறுநாள் களரிக்கு வந்தவுடன், ஏன் தோற்றாய் என்று கேட்காமல், எந்த இடத்தில் கால் நின்றுபோனது என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் இதற்கு வியக்கத்தக்க தெளிவோடு பதில் சொல்வார்கள்: 'ஆசானே, அவன் ரெண்டாவது தடவை சத்தம் போட்டப்போ', 'வலதுபக்கம் சுவர் இருந்துது, அங்கே மாட்டிக்கிட்டேன்'. அந்தப் பதிலை ஒரு நோட்டில் மாணவனின் பெயருக்கு நேரே குறித்துக்கொண்டு, சத்தம் போட்டு வரும் ஒருவனையோ, வலப்பக்கம் சுவர் அமைந்த ஓர் இடத்தையோ அவனுக்கு ஏற்பாடு செய்து, அவனால் இன்றைக்குச் சமாளிக்கக்கூடிய வேகத்தில் அன்றைய பயிற்சியை அங்கிருந்து தொடங்குங்கள்.